முள்ளுப் படம்

போவன்பள்ளி காய்கறிச் சந்தையின் பின்வாசலில், முட்டைக்கோஸ் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த லாரிக்குப் பக்கத்தில், சகுந்தலா சட்டென்று நின்றாள். இடது கையால் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வலது காலைப் பின்பக்கமாக மடக்கித் தூக்கி, ரப்பர் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தடவினாள். தடவுகிறபோது அவள் முகம் வந்த வழியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"நில்லு பத்து. முள்ளு."

பத்மஜாவின் இரண்டு கைகளிலும் பைகள். ஒன்றில் கத்தரிக்காய், மற்றதில் தக்காளி. அக்காவின் முழுப் பாரமும் அவள் தோளில் இறங்கியது.

"யாரு, பின்னாடி ராஜா வராரா?" என்றாள்.

"ஆமாண்டி. கொத்தமல்லி விக்கற ராஜா. கொசுறு தரேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டான், கிராதகன்."

இருவரும் நடுச்சந்தையில் நின்றுகொண்டு சிரித்தார்கள். பத்மஜாவின் கையிலிருந்த பை ஆடி இரண்டு தக்காளி உருண்டு லாரிக்கு அடியில் போயிற்று. சகுந்தலா பாதத்திலிருந்து எதையோ கிள்ளி எறிந்தாள், செருப்பை மாட்டிக்கொண்டாள், நடந்தாள். அவ்வளவுதான். இரண்டாயிரத்து ஐந்து, மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. கிள்ளி எறிந்தது முள்ளின் பாதி. மீதி உள்ளே இருந்தது.

அந்தச் சிரிப்பு புரிய வேண்டுமானால் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக ஒரு ரவிவர்மா படம் இருந்தது. அசல் இல்லை. அந்தக் காலத்தில் அச்சடித்து ஊர் ஊராகப் போனதே, அந்த வகை. கன்டோன்மென்டில் பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்யத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த கொள்ளுத்தாத்தா வாங்கி மாட்டியது. ஆசிரமத்துப் பெண் ஒருத்தி ராஜாவைப் பார்த்துவிட்டுத் தோழிகளோடு திரும்பிப் போகிறாள். இன்னும் ஒரு தடவை அவனைப் பார்க்க ஆசை. காரணமில்லாமல் திரும்பினால் தோழிகள் கேலி செய்வார்கள். அதனால் காலில் முள் குத்திவிட்டதாகப் பாவனை செய்து, தோழியின் தோளைப் பிடித்து நின்று, முள்ளை எடுக்கிற சாக்கில் பின்னால் பார்க்கிறாள். படம் அதுதான். வீட்டில் முன்னொரு காலத்தில் இருந்த யாரோ அவள் புடவைக் கரையில் நிஜமான சரிகையை வெட்டி ஒட்டி, கழுத்தில் ஜிகினா பதித்திருந்தார்கள்.

படத்துக்கு நேர் கீழே தூளி கட்டிப் போட்ட முதல் பெண்ணுக்குப் படத்தில் இருப்பவளின் பெயரையே வைத்தார்கள். கல்யாணமாகிப் போனபோது படமும் சகுந்தலாவோடு போயிற்று. அந்தக் குடும்பத்தில் 'முள் எடுப்பது' என்றால் சாக்குச் சொல்வது. விருந்தாளி கிளம்பிய பிறகும் வாசலில் நின்று பேசினால், முள் எடுக்கிறார். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வயிறு வலிக்கிறது என்று குழந்தை அழுதால், முள் எடுக்கிறது. மாப்பிள்ளையாக வந்த ஜகதீசன்கூட ஆறே மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டு, அவர்களைவிட அதிகமாகச் சொல்லத் தொடங்கினார். ஆகவே அந்த வீட்டில் பிறந்த ஒருத்தி, அதுவும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, காலில் முள் குத்திவிட்டது என்றால் அதை நம்புகிற ஆள் ஒருவரும் இல்லை.

சகுந்தலாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. பாதத்தில் பாதி உணர்ச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை ஜகதீசனின் தம்பி சீதாராமன் உப்பலில் வாங்கிய புது ஃப்ளாட்டில் கிரகப்பிரவேசம். பத்மஜா அதற்குப் போகவில்லை. அவள் வேலை பார்த்த ஆய்வகத்தின் நூலகத்தில் அன்றைக்கு ஆடிட். சகுந்தலா போனாள், வெறுங்காலோடு விளக்கை எடுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை ஜுரம். புதன்கிழமை கால் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்தும் நிற்கவில்லை. சந்தையிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாம் நாள் முடிந்துபோயிற்று.

காலை எடுப்பதற்கு முந்தைய நாள் டாக்டர் தெலுங்கில் கேட்டார். முள் குத்தியது யாருக்காவது தெரியுமா, தெரிந்த அன்றைக்கே ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று. படுக்கையின் ஒரு பக்கம் ஜகதீசன் நின்றார். இன்னொரு பக்கம் பத்மஜா. கால்மாட்டில் அக்காவின் மகள் ஹம்ஸினி.

"எனக்குத் தெரியும் டாக்டர்," என்றாள் பத்மஜா. "பக்கத்துலதான் இருந்தேன். விளையாடறான்னு நினைச்சுச் சிரிச்சேன்."

அவளுக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: டாக்டருக்கு உண்மை தெரிந்தால் அக்கா பிழைப்பாள். ஜகதீசன் கையிலிருந்த மருந்துச் சீட்டை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

பதின்மூன்றாம் நாள், சுபஸ்வீகாரத்தன்று, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வாயைத் திறந்தார். உரக்க, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"முள்ளு குத்தினது ஒருத்திக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையே தெரியும். ஆத்துக்கு ஒரு போன் பண்ணலை. சிரிச்சாளாம், சிரிப்பு!"

பத்மஜா பாயசப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அந்தச் சொல்லைச் சாப்பாட்டோடு விழுங்கிக்கொண்டு போய் உப்பலில் சொன்னார்கள், மல்காஜ்கிரியில் சொன்னார்கள், ஜகதீசன் வேலை பார்த்த பட்டான்செரு மருந்துக் கம்பெனியில் சொன்னார்கள். அவள் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஹம்ஸினியைத்தான் பொறுக்க முடியவில்லை.

பத்மஜா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹம்ஸினி பிறந்த நாளிலிருந்து பாதி நாள் பத்மாராவ் நகரில் சித்தி வீட்டில்தான் வளர்ந்தாள். மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, அமெரிக்காக்காரன் நேரத்துக்கு வேலை செய்யத் தொடங்கிய பிறகும் சனிக்கிழமை என்றால் சித்தி வீட்டுக் குழம்புதான். இப்போது அவளிடமிருந்து வந்தது ஒரு எஸ்எம்எஸ். 'சித்தி, கால் பண்ணாதீங்கோ. உங்க வாய்ஸ் கேட்டா எனக்குச் சிரிப்புச் சத்தம்தான் கேக்கறது.' பத்மஜா அதை அழிக்கவில்லை. இன்பாக்ஸ் நிறைந்து மற்றவற்றை அழிக்க வேண்டி வந்தபோதும் அதை விட்டுவைத்தாள்.

இரண்டாவது மாதத் திதி, மாசிகம், கழிந்த வாரத்தில் சீதாராமனின் மனைவி ருக்மிணி போன் செய்தாள். சூது வாது தெரியாதவள்.

"பத்மஜா, கிரகப்பிரவேச சிடி வந்துடுத்து. பாட்டெல்லாம் போட்டு லேட் பண்ணிட்டான் வீடியோக்காரன். அக்கா நன்னா விழுந்திருக்கா அதுல. உனக்கு ஒரு காப்பி போடச் சொல்லியிருக்கேன், வந்து வாங்கிக்கோ."

பத்மஜா வாங்கி வந்து போட்டாள். நாதஸ்வரம், பசுமாடு, கோலம். பிறகு படிக்கட்டு. லிஃப்ட் இன்னும் வேலை செய்யாத கட்டடம். டைல்ஸ் வெட்டிய தூளும் சிம்புமாகக் கிடந்த படிகளில் பெண்கள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். முன்னால் சகுந்தலா, கையில் விளக்கு, மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவை. நாலாவது மாடி வாசலில் அவள் நின்றாள். மாவிலை கட்டிய நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வலது காலைப் பின்னால் மடக்கித் தூக்கினாள். முகம் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பியது.

ஜகதீசனின் குரல் கேட்டது. "ஆரம்பிச்சுட்டா! முள்ளு எடுக்கறா பாருங்கோ. எங்காத்துல சுவத்துல ஒண்ணு தொங்கறது, இது நடமாடறது."

சிரிப்பு. கட்டடமே எதிரொலிக்கிற சிரிப்பு.

"நிஜமாவே குத்தறது," என்றாள் சகுந்தலா.

"குத்தும் குத்தும். எங்க மனுஷா விசேஷம்னா உனக்கு எல்லாமே குத்தும்."

பத்மஜா அந்த இடத்தில் நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மறுபடி. அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குரலைத்தான் கேட்டாள். செவ்வாய்க்கிழமை இவள் சிரித்தாள், சரி. வெள்ளிக்கிழமை அவர் சிரித்திருக்கிறார். இருபது பேர் நடுவில், சாட்சி வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். படத்திலிருக்கிறவளின் கதையில், மறந்துபோன ராஜாவுக்கு நினைவு வரவைக்க ஒரு மோதிரம் கிடைத்தது. தனக்கு இது கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது மாசிகத்தன்று போவன்பள்ளியில் அக்கா வீட்டுக்குப் போனாள். வைகாசி வெயில். வாத்தியார்கள் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்கள். ஹாலில் ஹோமப் புகை இன்னும் போகவில்லை. சுவரில் படம் இருந்த இடம் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. படம் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

ஜகதீசன் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"எதுக்கு வந்தே?"

"அக்காவுக்கு மாசிகம். வரக் கூடாதா?"

"சாப்பாடு ஆயிடுத்து."

"சாப்பிட வரலை அத்திம்பேர்."

"பின்ன? சிரிக்க வந்தியா?"

பத்மஜா பையிலிருந்து சிடியை எடுத்தாள். உறையில் கலசமும் மாவிலையும், 'சீதாராமன் ருக்மிணி இல்லப் புகுவிழா' என்று தங்க எழுத்தும். ஜகதீசன் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்த பயம் இல்லை.

"ஹம்ஸினி இருக்காளா? கூப்பிடுங்கோ. மூணு பேருமா உக்காந்து பாக்கலாம்."

"தூங்கறா. ஷிப்ட் முடிஞ்சு காலம்பற வந்தா. மெதுவாப் பேசு."

"மூணு மாசமா நீங்க மெதுவாவா பேசினேள்? பட்டான்செரு வரைக்கும் கேட்டுதே! சித்திக்காரி கொன்னுட்டான்னு."

"இதுல என் குரல் இருக்கு. அதுதானே? நானும் பாத்துட்டேன், ருக்மிணி எனக்கும் ஒண்ணு குடுத்தா. நீ எதுவரைக்கும் பாத்தே?"

"எங்க மனுஷா விசேஷம்னா உனக்கு எல்லாமே குத்தும்னேளே, அதுவரைக்கும். அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

ஜகதீசன் எழுந்தார். உள்ளறைக் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். அவள் கையிலிருந்து சிடியைப் பிடுங்கிப் போட்டார். சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசிக் கோட்டில் நிறுத்தினார். பத்மஜா டிவிக்கு அருகே போய் நிற்க வேண்டியிருந்தது.

நிலைப்படி. விளக்கு. நிஜமாவே குத்தறது. எங்க மனுஷா விசேஷம்னா. அதற்குப் பிறகு கேமரா அசைந்து பின்னால் போயிற்று. கையில் சீர்த்தட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிய செல்போன், மாம்பழ நிறப் பட்டு. ஹம்ஸினி.

"அம்மா, ஆக்டிங் நக்கோ, வேண்டாம். லிஃப்ட் ரெடியானப்புறம் ராஜா வருவார். இப்ப நட." சொல்லிக்கொண்டே, தட்டைத் தாங்காத கையால் அம்மாவின் முதுகைச் செல்லமாகத் தள்ளினாள். சகுந்தலாவின் வலது கால் தரையில் அழுந்தியது. ஒரு கணம் அவள் முகம் சுருங்கிற்று. பிறகு அவளும் சிரித்துக்கொண்டே வாசல் தாண்டினாள். ஹம்ஸினி மறுபடி போனில் இங்கிலீஷில் யாரிடமோ பேசத் தொடங்கியிருந்தாள்.

ஜகதீசன் டிவியை அணைத்தார்.

"அவளுக்கு ஞாபகமில்லை," என்றார். "சுத்தி வளைச்சுக் கேட்டுப் பாத்துட்டேன். அன்னிக்குப் பூரா போன்லயே இருந்தா. நீ ஞாபகப்படுத்தப் போறியா?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றாள் பத்மஜா. "சொல்லிட்டு என் பேர்ல போட்டிருந்தாக்கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

"சொன்னா நீ தியாகி ஆயிடுவே. அதை உனக்குக் குடுக்க எனக்கு மனசில்லை." அவர் குரல் தணிந்தே இருந்தது. "யார் பேர்லயாவது போட்டாகணும். என் பேர்ல போட்டா அவ இந்த ஆத்துல என்னோட எப்படி இருப்பா? உன் பேர்ல போட்டேன். நீ சிரிச்சது பொய்யில்லையே."

"உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"இருக்கு. அதுக்காகப் பொண்ணைத் தூக்கிக் குடுக்க முடியுமா? பெத்திருந்தாத் தெரியும் உனக்கு."

கதவு திறந்தது. ஹம்ஸினி கலைந்த தலையோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். மூன்று மாதத்தில் இளைத்திருந்தாள். சித்தியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்பாவிடம்தான் பேசினாள்.

"இவா எதுக்கு வந்திருக்கா?"

ஜகதீசன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஹம்ஸினியின் கண் டிவிக்குக் கீழே திறந்து கிடந்த உறைக்குப் போயிற்று.

"என்ன சிடி அது?"

சிடி உள்ளேதான் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஜகதீசனின் முகத்தில் இருக்கிற அந்தத் திமிர் போய்விடும். மூன்று மாதமாகத் தன்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிற உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போவார்கள். பாதிப் பழி இறங்கும். பத்மஜாவின் கை நீண்டது. நீண்ட கை சிடியை வெளியே தள்ளுகிற பொத்தானை அழுத்தியது.

"உங்க சித்தப்பா ஆத்து கிரகப்பிரவேச சிடி," என்றாள். "உங்கம்மா நன்னா விழுந்திருக்கா இதுல. அவ முகத்தைப் பாக்கணும் போல இருந்தது. எங்காத்து பிளேயர் சரியா இல்லை."

"இப்ப முகத்தைப் பாக்க ஆசையா?" ஹம்ஸினி முதல் தடவையாக நேரே அவளிடம் பேசினாள். "அன்னிக்குக் காலைப் பாத்திருக்கலாமே."

ஜகதீசன் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா," என்றாள் பத்மஜா. "பாத்திருக்கணும்."

"இனிமே வராதீங்கோ சித்தி. மாசிகம், வருஷாப்தீகம், எதுக்கும். ப்ளீஸ்." கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது.

பத்மஜா சிடியை உறையில் போட்டுப் பைக்குள் வைத்தாள். செருப்பை மாட்டும்போது ஜகதீசன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"அதையும் தூக்கிண்டு போ. உங்காத்துச் சனியன். இல்லேன்னா நாளைக்குப் பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுடுவேன்."

நன்றி சொன்னால் சந்தோஷப்படுவார், திட்டினால் இன்னும் சந்தோஷப்படுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. படத்தைத் தூக்கினாள். நல்ல கனம், தேக்குச் சட்டம்.

ஆட்டோவில் அதை மடியில் நிறுத்தி, மேல்விளிம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் தாடி வைத்த பெரியவர். கண்ணாடியில் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். தாட்பந்த் சிக்னலில் வண்டி நின்றதும் திரும்பினார்.

"க்யா லகா அம்மா, பாவ் மே?"

காலில் என்ன குத்தியது என்று கேட்டார். சாமி படமா என்று கேட்கவில்லை, யார் இந்தப் பெண் என்று கேட்கவில்லை. காலைத்தான் பார்த்திருந்தார்.

"காண்டா," என்றாள் பத்மஜா. முள்.

"அச்சா. நிகாலே கி நை?"

எடுத்தார்களா இல்லையா. சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியைக் கிளப்பினார். பத்மஜா பத்மாராவ் நகர் வரும்வரை படத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். சட்டத்தில் அக்கா வீட்டு ஹோமப் புகையின் வாசனை இருந்தது.

மறுநாள் காலை நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் படத்தைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டாள். பின்பலகையின் துருப்பிடித்த ஆணிகளை இடுக்கியால் பிடுங்கினாள். பலகைக்கும் படத்துக்கும் நடுவில் சிடியை உறையோடு வைத்தாள். புது ஆணி வைத்து அடித்தாள், எட்டு ஆணி போதும் என்ற இடத்தில் பதினாறு.

வருஷாப்தீகத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் ஹம்ஸினியின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. உறையின் மேல் ஜகதீசன் கையெழுத்தில் முகவரி, 'குமாரி பத்மஜா' என்று, அந்நியருக்கு எழுதுவது போல. உள்ளே பத்திரிகையைத் தவிர ஒரு வரி இல்லை. முகூர்த்தம் முடிந்திருக்கிற நேரத்தில் அவள் நூலகத்தில் பழைய சஞ்சிகைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்கா போனார்கள், கொஞ்ச நாளில் ஜகதீசனும் போனார். போவதற்கு முன் உப்பலில் சொல்லிக்கொள்ளப் போனவர், பத்மாராவ் நகர் வழியாகத்தான் போனார் என்று ருக்மிணி சொன்னாள்.

அவர்களுக்கு அவள் செவ்வாய்க்கிழமை சிரித்தவள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் மன்னிக்கவில்லை. ஜகதீசனை ஒரு நாளும் மன்னிக்கவில்லை, தன்னையும்தான்.

வெள்ளிக்கிழமைகளில் படத்தின் கண்ணாடியைத் துடைப்பாள். சரிகை கறுத்துவிட்டது, ஜிகினாவில் பாதி உதிர்ந்துவிட்டது. தோழியின் தோளில் அந்தக் கை இருக்கிறது. முகம் பின்னால் திரும்பியிருக்கிறது. நூலகத்தில் பொடி எழுத்துப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை ஓய்வு பெற்றபோது கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதை வைத்துத் தூக்கிய பாதத்தை விரல் விரலாகப் பார்த்திருக்கிறாள், குதிகாலைப் பார்த்திருக்கிறாள், கையின் நகக்கண் வரை பார்த்திருக்கிறாள்.

படத்தில் முள் கிடையாது.